பின்பக்கம் அடிபட்ட பல்

காலையில் வண்டியைக் கிளப்பியதும் ஒரு கணம் மட்டும் கேட்கும் அந்தச் சத்தம். தகர டப்பாவுக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அப்படி. அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல எஞ்சின் சாதுவாக ஓடத் தொடங்கிவிடும். தெருவில் வேறு யார் காதிலும் அது விழுந்திருக்காது. சமையலறையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த மெக்கானிக்கின் கை மட்டும் அந்தரத்தில் நின்றது.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வாசலில் அவர் மனைவியின் சிவப்புக் கார். கூரையில் 'கற்றுக்கொள்பவர் ஓட்டுகிறார், பொறுத்துக்கொள்ளவும்' என்ற பலகை. உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மனைவி, நேராக இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது என்ன சத்தம் என்று இருவருக்கும் தெரியும். போன வருடமும் இதே சத்தம்தான். அதற்காக எஞ்சினைப் பிரித்து டைமிங் செயினை மாற்றிக் கொடுத்தவர் சாட்சாத் இவரேதான்.

மனைவி எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே வந்தார். ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதால் எல்லோருக்கும் அவர் டீச்சர். நாளடைவில் வீட்டிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"மறுபடியும் வந்துடுச்சு," என்றார் டீச்சர்.

"கேட்டேன்."

"நான் உங்களைக் குத்தம் சொல்லலை. ஆனா இந்த வண்டிதான் என் பொழப்பு. ஓட்டத் தெரியாத ஒருத்தர் கையில இருக்கும்போது நடு ரோட்ல இது நின்னுச்சுன்னா யாரு பதில் சொல்றது? இந்தத் தடவை சரியா பண்ணிடுங்க. இதுக்கப்புறமும் சத்தம் வந்துச்சுன்னா, மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் புதுசா ஒரு ஒர்க்ஷாப் திறந்திருக்காங்களே, அங்க விட்டுடுவேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னார். மெக்கானிக் டீ டம்ளரைக் குடிக்காமலே மேடையில் வைத்தார். சொந்தப் பெண்டாட்டியே காரை வேறு ஒர்க்ஷாப்பில் விட்டால் இவர் கடையைத் திறந்து வைத்திருப்பதில் என்ன இருக்கிறது? ஊர் சிரிப்பது இருக்கட்டும். அந்தச் சிவப்புக் கார் மேம்பாலம் ஏறிப் போவதை இவர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பார்?

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இவருக்கு ஒரு வியாதி உண்டு, மருந்தில்லாத வியாதி. எது கெட்டுப்போனாலும் சரிசெய்வதோடு விடமாட்டார். எதனால் கெட்டது என்று தெரிந்தாக வேண்டும். பஞ்சர் ஒட்ட வந்தவரைக்கூட, பிடுங்கிய ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தத் தெரு வழியாக வந்தீர்கள், எங்கே வீடு கட்டுகிறார்கள் என்று விசாரணை நடத்துவார். வேலைக்கு நேரமாகிறதே என்று வந்தவர் நெளிவார். 'எதனால, எதனால' என்று இவர் முனகுவதைக் கேட்டுக் கேட்டு, பட்டறைக்கே 'எதனால ஒர்க்ஷாப்' என்று பெயராகிவிட்டது. வாசலில் வேறு ஏதோ பெயர் எழுதிய பலகை தொங்குகிறது. அதை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

மகள் பிறந்த அன்று நடந்தது குடும்பத்தில் பிரசித்தம். டீச்சரை ஸ்ட்ரெச்சரில் வைத்துப் பிரசவ அறைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கூடவே ஓடுகிறார். கண்ணீரை மறைக்கத்தான் குனிந்திருக்கிறார் என்று மாமியாருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. கதவருகே போனதும் இவர் நிமிர்ந்து, தள்ளிக்கொண்டு வந்த ஆளிடம் கேட்டார்: "முன் சக்கரம் மட்டும் எதனால இடது பக்கமா இழுக்குது?" மாமியார் அதற்குப் பிறகு ரொம்ப நாள் இவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மற்ற வீடுகளில் கண்ணாடிச் சாமான் அடுக்கி வைக்கும் அலமாரியில் இவர் வீட்டில் வளைந்த வால்வுகளும் வெடித்த பேரிங்குகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் முடிந்துபோன ஒரு வழக்கு. விருந்தாளிகள் தெரியாத்தனமாக, "இது என்னங்க?" என்று கேட்டுவிட்டால், அன்றைக்கு அவர்கள் வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான்.

கல்யாணமான புதிதில் டீச்சருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியவரும் இவர்தான். கொஞ்ச நாள் போயிற்று. ஒரு நாள் டீச்சர் சொன்னார், "நான் வேற இடத்துல கத்துக்கறேன்." இவர், "சரி," என்று சொல்லிவிட்டு ஒரு வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். டீச்சர் வேறொரு பள்ளியில் கற்று, முதல் முறையிலேயே உரிமம் வாங்கி, சில வருடம் கழித்துத் தானே ஒரு காரை வாங்கிக் கற்றுக்கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டார். மற்ற பள்ளிகளில் தேறாது என்று கைவிட்டவர்கள்தான் பெரும்பாலும் அவரிடம் வருவார்கள். ஸ்டியரிங்கைத் தொட்டாலே வியர்க்கிறவர்கள், லாரியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள். அவர்களும் கடைசியில் தேர்வில் தேறி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அப்படி என்னதான் செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. மெக்கானிக்குக்கும் தெரியாது.

அன்று காலையே சிவப்புக் கார் பட்டறைக்குப் போனது. அங்கே டீச்சரின் தம்பி காத்திருந்தார். பட்டறையில் பாதி அவருடையது. மெக்கானிக்கின் வியாதி 'எதனால' என்றால், மச்சானின் வியாதி அவசரம். ஒரு வண்டியின் கதவைத் திறக்கும்போதே அடுத்த வண்டிக்காரருக்கு போன் போட்டுக்கொண்டிருப்பார்.

"அக்கா எல்லாம் சொல்லிடுச்சு," என்றார் மச்சான். "புதுச் செயின் வாங்கி வெச்சிருக்கேன். மதியத்துக்குள்ள மாட்டித் தள்ளிடுவோம் மாமா."

"முதல்ல பார்ப்போம்."

"ஆரம்பிச்சுட்டாரு," என்று மச்சான் ஸ்பானரை எடுத்தார்.

ஆயிலை வடித்து, பெல்ட்டைக் கழற்றி, எஞ்சினின் முன்மூடியை அவிழ்த்தார்கள். மூடிக்குப் பின்னால் இருப்பது பார்க்க எளிமையான ஏற்பாடுதான். கீழே கிராங்க் தண்டின் முனையில் சின்னப் பல்சக்கரம், மேலே கேம் தண்டின் முனையில் பெரிய பல்சக்கரம். சைக்கிளில் இருப்பதுபோல இரண்டையும் சேர்த்து ஓடுகிறது டைமிங் செயின். கீழே பிஸ்டன்கள் ஏறி இறங்குவதும் மேலே வால்வுகள் திறந்து மூடுவதும் தாளம் தப்பாமல் நடப்பது அதனால்தான். செயின் தொய்ந்து ஒரு பல் தாண்டிவிட்டால் தாளம் தப்பும். இன்னும் தாண்டினால் ஏறிவரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் போய் முட்டும். அப்புறம் எஞ்சினை எடைக்குப் போட வேண்டியதுதான். இது நடக்காமலிருக்க, செயினின் தொய்வான பக்கத்தை டென்ஷனர் என்கிற சின்ன உருளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். எஞ்சின் ஓடும்போது வரும் ஆயிலின் அழுத்தம்தான் அதற்குத் தெம்பு.

மெக்கானிக் செயினை ஒரு விரலால் அழுத்தினார். கொடிக்கயிறு மாதிரி உள்ளே போனது. கழற்றி, சுவரிலிருந்த ஆணியில் மாட்டினார். பக்கத்திலேயே புதுச் செயினையும் தொங்கவிட்டார். பழையது ஒரு விரல் தடிமன் கீழே இறங்கித் தொங்கியது.

"ஒரு வருஷத்துல இவ்வளவா?"

"மட்டமான சரக்கா இருக்கும் மாமா."

"நான்தான் பார்த்து வாங்கினேன். ஆயிலும் நான்தான் மாத்தறேன்."

அடுத்து பல்சக்கரங்களைக் கழற்றித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கிபோல வளைந்திருந்தன. போன வருடம் அவர் செயினை மட்டும்தான் மாற்றினார். 'சக்கரத்தையும் மாத்திடலாமா?' என்று அன்றைக்கு மச்சான் கேட்டதும், 'நல்லா இருக்கிறதை எதனால மாத்தணும்?' என்று இவர் திருப்பிக் கேட்டதும் இருவருக்குமே நினைவுக்கு வந்தது. தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் பல் செயினைத் தின்னும். தொழிலுக்கு வந்த புதிதிலேயே தெரிந்துகொள்கிற விஷயம் இது. அன்றைக்குக் கண்ணுக்கு நல்லதாகத் தெரிந்த பல்லைக் கையால் தடவிப் பார்க்காமல் விட்டுவிட்டார்.

மச்சான் கையைத் தட்டினார். "கண்டுபிடிச்சாச்சு! எதனால? உங்களாலதான். இனிமே மாட்டலாமா?"

மெக்கானிக்கின் முகம் சுண்டிவிட்டது. ஆனால் கையிலிருந்த சின்னச் சக்கரத்தைக் கீழே வைக்கவில்லை. லென்ஸை எடுத்துக் கண்ணில் பொருத்திக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்ட மாதிரி பார்க்க ஆரம்பித்தார். நகத்தால் ஒரு பல்லின் பின்பக்கத்தை வருடினார். மறுபடி வருடினார்.

"மாப்ள, இங்க வா. பல்லோட பின்பக்கத்தைப் பாரு."

"என்ன?"

"அடிபட்டிருக்கு. சுத்தியலால தட்டின மாதிரி சின்னச் சின்னத் தழும்பு. எஞ்சின் ஒரு பக்கமாத்தான் சுத்தும். செயின் இழுக்கிறது பல்லோட முன்பக்கத்தை. முன்பக்கம் தேயுறது நியாயம். பின்பக்கம் எதனால அடிபடணும்?"

மச்சானும் லென்ஸை வாங்கிப் பார்த்தார். அவசரம் ஒரு நிமிடம் அவரை விட்டுப் போயிருந்தது. எல்லாப் பற்களிலும் தழும்பு இல்லை. சக்கரத்தின் ஓரிடத்தில் சில பற்கள், அதற்கு நேர் எதிரே சில பற்கள். அவ்வளவுதான்.

மெக்கானிக் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். இந்த மாதிரி எஞ்சினை அணைத்தால் கிராங்க் நினைத்த இடத்தில் நிற்காது. எதிரெதிரான இரண்டு நிலைகளில் ஏதோ ஒன்றில்தான் போய் நிற்கும். தழும்பும் எதிரெதிரே இரண்டு இடத்தில்தான் இருக்கிறது. அப்படியானால் அடி விழுந்தது எஞ்சின் ஓடும்போது இல்லை. நின்ற பிறகு.

"நின்னுபோன எஞ்சினை யாரோ பின்பக்கமா சுத்தறாங்க," என்றார்.

"பேயா?" என்றார் மச்சான்.

நின்ற எஞ்சினில் ஆயில் அழுத்தம் இருக்காது. டென்ஷனருக்குத் தெம்பு கிடையாது. அந்த நேரத்தில் கிராங்க் பின்னால் சுற்றினால், இறுக்கமான பக்கம் தொய்ந்து, தொய்வான பக்கம் இறுகி, டென்ஷனர் உள்ளே போய்விடும். அடுத்து எஞ்சினைக் கிளப்பும்போது தொய்ந்த செயின் நாலாபக்கமும் அடிக்கும். காலையில் கேட்ட ஆணி டப்பா அதுதான். எல்லாம் பொருந்துகிறது. சுற்றுகிறது யார் என்பதைத் தவிர.

டீச்சருக்கு போன் போட்டார். "வண்டியை நீ சரிவுல எங்கயாவது நிறுத்தறியா?"

"வாசல்லதான் நிறுத்தறேன். தினமும் பாக்கறீங்களே. என்னாச்சு, முடியுமா முடியாதா?"

"முடியும் முடியும்," என்று வைத்துவிட்டார்.

இந்த முறை எதையும் பழசாக விடவில்லை. செயின், இரண்டு பல்சக்கரங்கள், செயின் உரசி ஓடும் கைடுகள், டென்ஷனர் எல்லாமே புதுசு. சக்கரங்களிலிருந்த புள்ளிகளையும் செயினிலிருந்த நிறக் கண்ணிகளையும் பொருத்தி மாட்டினார். பிறகு ஸ்பானரைப் போட்டு கிராங்க்கைக் கையாலேயே மெதுவாகச் சுற்றி, புள்ளிகள் மறுபடி நேருக்கு நேர் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. மச்சான் பெருமூச்சு விட்டார். இவர் இன்னொரு தடவை சுற்றினார். மூடியை மாட்டி, ஆயில் ஊற்றி, சாவியைத் திருப்பியபோது எஞ்சின் முணுமுணுப்பாக எழுந்தது. ஆணி டப்பா இல்லை.

டீச்சர் வந்து கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு," என்றார். மச்சான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். மெக்கானிக் மட்டும் பழைய பல்சக்கரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றார். காரணம் தெரியாமல் சத்தம் நின்றிருக்கிறது. அப்படி நின்றது திரும்பி வரும். திரும்பி வந்தால் மேம்பாலம்.

"நாளைக்கு உன் கிளாஸ்ல நான் பின்னாடி உட்கார்ந்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கு?"

"சும்மா. வண்டி எப்படி ஓடுதுன்னு பாக்கணும்."

"வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் அந்த இடத்திலேயே இறக்கி விட்டுடுவேன்."

"திறக்கலை."

மறுநாள் வந்தவர் தையல்காரம்மா. வயது ஐம்பதைத் தாண்டியவர், கனமான கண்ணாடி, கழுத்தில் கழற்ற மறந்த அளவு நாடா. தேர்வில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவர். இரண்டு முறையும் மேட்டில்தான். ஏற்றத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்பச் சொன்னால் அவருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. பின் இருக்கையில் ஓர் ஆண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் திடுக்கிட்டு, "பரீட்சை அதிகாரியா?" என்று கிசுகிசுத்தார்.

"இல்லை, என் வீட்டுக்காரர். அவரை மூட்டைன்னு நெனச்சுக்குங்க," என்றார் டீச்சர்.

மூட்டை வாயைத் திறக்கவில்லை.

நேர்ச் சாலையில் தையல்காரம்மா ஒழுங்காகவே ஓட்டினார். திருப்பங்களில் துணி வெட்டுகிறவருக்கே உரிய நிதானம். தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஏறும் தெருவுக்கு வந்ததும் தோள் இரண்டும் காதுவரை உயர்ந்துவிட்டன. பாதி ஏற்றத்தில் டீச்சர் நிறுத்தச் சொன்னார். பின்னால் வண்டி எதுவும் இல்லை என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"இப்போ எஞ்சினை அணைச்சிடுங்க. கியர் ஃபர்ஸ்ட்லயே இருக்கட்டும். நான் ஹேண்ட்பிரேக்கை இறக்கிட்டேன். கிளட்ச்லேருந்து காலை எடுங்க. அப்படித்தான். இப்போ பிரேக்லேருந்தும் எடுங்க."

"ஐயோ, பின்னாடி போயிடும்மா!"

"போகட்டும். எவ்வளவு தூரம்தான் போகுதுன்னு பார்த்துடுவோம்."

தையல்காரம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு காலை எடுத்தார். கார் 'தடுக்' என்று ஒரு சாண் பின்னால் போய் நின்றது. இன்னொரு 'தடுக்'. மறுபடி நின்றது. அதற்கு மேல் அசையவில்லை. தெரு அமைதியாக இருந்தது. தையல்காரம்மா ஒரு கண்ணைத் திறந்தார், பிறகு மறு கண்ணை.

"நின்னுடுச்சு."

"நிக்கும். நீங்க எல்லாத்தையும் விட்டாலும் கியர் பிடிச்சுக்கும். வண்டி உங்களைக் கேக்காம ஓடிப்போகாது. இதைத் தெரிஞ்சுக்கத்தான் இங்க வந்தோம்."

"இன்னொரு தடவை பண்ணட்டுமா?"

"எத்தனை தடவை வேணாலும்."

பின் இருக்கையில் மெக்கானிக் உறைந்துபோயிருந்தார். ஒவ்வொரு 'தடுக்'கும் அவருடைய சொந்தப் பல்லில் விழுந்தது. முதல் கியரில் நிற்கும் வண்டி பின்னால் உருண்டால், சக்கரம் எஞ்சினைப் பின்னால் சுற்றும். நின்ற எஞ்சினை. தெம்பில்லாத டென்ஷனரோடு. தினமும் பயந்தவர்கள் வருகிறார்கள், ஒவ்வொருவரும் இதே மேட்டில், பயம் தெளியும்வரை. சட்டைப் பைக்குள் பல்சக்கரம் கனத்தது. 'நிறுத்து' என்று தொண்டைவரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்போதுதான் கண்ணாடியில் தையல்காரம்மாவின் முகம் தெரிந்தது. தோள்கள் இறங்கியிருந்தன. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் எஞ்சினைக் கிளப்பி, கிளட்சை மெல்ல விட்டு, ஒரு விரற்கடைகூடப் பின்வாங்காமல் மேட்டை ஏறினார்.

வெகுநாளாகத் தேடிய விடை கிடைத்தால் மெக்கானிக் அன்றெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார். அன்று பட்டறைக்கு வந்ததும் முக்காலியில் உட்கார்ந்து, மச்சானிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

மச்சான் முதல் முறையாக வேலையை விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். "மாமா, நான் சொல்றதைக் கேளுங்க. அக்காகிட்ட மூச்சு விடாதீங்க. வருஷா வருஷம் சத்தம் வர்றதுக்கு முன்னாடியே நைசா செயினை மாத்திடுவோம். அதுக்கும் சந்தோஷம், உங்களுக்கும் வீட்ல சாப்பாடு."

நல்ல யோசனைதான். ஆனால் எதனால் என்று தெரிந்துவிட்ட பிறகு அதை வாய்க்குள் வைத்துக்கொள்வது இவரால் ஆகிற காரியமா? அதைவிட, தெரிந்தே ஒரு வண்டியை ஓட விடுவதும் அவரால் ஆகாது. அதுவும் அந்த வண்டியை.

மாலையில் டீச்சர் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் சாவியை வைத்தபோது, அங்கே ஒரு தட்டில் பழைய பல்சக்கரம் இருந்தது. பக்கத்தில் லென்ஸ். இவர் விளக்கினார். முன்பக்கம், பின்பக்கம், எதிரெதிரே இரண்டு இடம், மேடு, தடுக். போன வருடம் சக்கரத்தை மாற்றாதது தன் தப்பு என்பதையும் மறைக்காமல் சொன்னார். டீச்சர் குறுக்கிடாமல் கேட்டார். லென்ஸை வைத்துத் தழும்புகளைப் பார்த்தார்.

"ஆக, நான்தான் உடைக்கிறேன்."

"நான் அப்படிச் சொல்லலை. அந்தப் பயிற்சியை மட்டும் விட்டுட்டா..."

"அதை விட்டா என்கிட்ட என்ன இருக்கு?" டீச்சரின் குரல் உயர்ந்தது. "கியர் போட, ஸ்டியரிங் திருப்ப எல்லாரும்தான் சொல்லித் தராங்க. என்கிட்ட வர்றவங்க அந்த ஒரு மேட்டுக்காகத்தான் வராங்க. அந்த அம்மா இன்னைக்குப் போகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை தெரியுமா? அதை விடச் சொல்றீங்க."

"எஞ்சின் போயிடும்."

"போனா போகட்டும். அந்தப் புது ஒர்க்ஷாப்லயே விட்டுக்கறேன். அங்க செயினை மாத்துவாங்க, என்னை மாத்தச் சொல்ல மாட்டாங்க."

சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சத்தம் திரும்பி வந்தால் மேம்பாலம் என்று பயந்துகொண்டிருந்தவருக்கு, சத்தம் வராமலே மேம்பாலம் வந்து சேர்ந்தது. மச்சான் சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. தட்டிலிருந்த சக்கரத்தை எடுத்து அலமாரியில் வைக்கப் போனார். மனது வரவில்லை. வழக்கு முடிந்த மாதிரி இல்லை.

மறுநாள் மதியம் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தபோது, தெரிந்த எஞ்சின் சத்தம் பட்டறை வாசலில் வந்து நின்றது. தெரிந்த செருப்புகள் ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"கொஞ்சம் வெளிய வாங்க. ஒண்ணு கேக்கணும்," என்றார் டீச்சர்.

ஊர்ந்து வெளியே வந்தார். மச்சான் இல்லாத வேலையை இருப்பதுபோல் செய்துகொண்டு காதைத் தீட்டிக்கொண்டார்.

"ரிவர்ஸ் கியர்ல போகும்போது எஞ்சின் எந்தப் பக்கம் சுத்துது?"

"எப்பவும் சுத்துற பக்கம்தான். கியர்தான் சக்கரத்தைத் திருப்பி விடுது."

"அப்போ, எஞ்சினை அணைச்சிட்டு ஃபர்ஸ்ட்ல போடறதுக்குப் பதிலா ரிவர்ஸ்ல போட்டா? வண்டி பின்னாடிதானே உருளும். எஞ்சின் சரியான பக்கம்தானே சுத்தணும்?"

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரைக் கிராங்க் மாதிரி காற்றில் சுற்றிப் பார்த்தார். வலது பக்கம், எஞ்சின் எப்போதும் சுற்றுகிற பக்கம். மறுபடி சுற்றினார். வலது பக்கமேதான். பிடித்து நிறுத்தும் பலமும் ஏறக்குறைய அதேதான். இத்தனை நாள் எஞ்சினின் பக்கமிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இது தோன்றவேயில்லை.

"இது எதனால எனக்குத் தோணலை?" என்றார்.

"அந்த ஆராய்ச்சியை அப்புறம் வெச்சுக்குங்க. ஏறுங்க. ஓட்டற சீட்ல."

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலிருந்த மேட்டில், பாதி ஏற்றத்தில் மெக்கானிக் வண்டியை நிறுத்தினார். டீச்சர் பின்னால் பார்த்துக்கொண்டார். இவர் எஞ்சினை அணைத்தார். கிளட்சை அழுத்தி ரிவர்ஸில் போட்டு, கிளட்சை விட்டார். டீச்சர் ஹேண்ட்பிரேக்கை இறக்கினார்.

"பிரேக்லேருந்து காலை எடுங்க."

காலை எடுப்பதற்கு முன்னாலேயே இவர் கை ஹேண்ட்பிரேக்குக்குப் போயிருந்தது. ஆயிரம் வண்டியைக் கழற்றிப் பூட்டியவர், கியர் பிடிக்கும் என்று கணக்கோடு தெரிந்தவர். ஆனாலும் கை தானாகப் போயிற்று. டீச்சர் அந்தக் கையைப் பிடித்தெடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பவும் இப்படித்தான். எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்களே, அத்தனை நாளும் இந்தக் கை இதுலயேதான் இருந்துச்சு. மேட்டுல வண்டி நின்னா, நான் நிறுத்தினேனா நீங்க நிறுத்தினீங்களான்னு எனக்குத் தெரியவே இல்லை. அதனாலதான் போனேன்."

இவர் காலை எடுத்தார். கார் ஒரு சாண் பின்னால் போய் நின்றது. இன்னொரு சாண். நின்றேவிட்டது. முன்னால் எஞ்சினுக்குள் எல்லாம் தன் பக்கமே சுற்றி அடங்கியது. இவர் அதைக் கேட்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்ட அந்த நாள் நினைவுக்கு வந்தது.

"எதனால அப்பவே சொல்லலை?"

"நீங்க எதனாலன்னு கேக்கலையே," என்றார் டீச்சர். "ஸ்ட்ரெச்சர் சக்கரத்தைக்கூடக் கேட்டீங்க."

இவருக்கு மனைவியின் மடியிலிருந்து கையை எடுக்கத் தோன்றவில்லை. கீழேயிருந்து ஒரு சைக்கிள்காரர் மூச்சிரைக்க ஏறி வந்து, மேட்டின் நடுவில் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் இருவரையும் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனார்.

டீச்சர்தான் முதலில் நேரத்தைப் பார்த்தார். "கிளப்புங்க. தையல்காரம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க, நாளைக்கு அவங்களுக்கு டெஸ்ட்." கொஞ்சம் விட்டு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஆயில் மாத்த மறுபடி எப்போ கொண்டுவரட்டும்?"